நான் அனுப்பாத டீச்சர்

செய்தி வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அடங்காத வகுப்பை எப்படிச் சமாளிப்பது என்பது தலைப்பு. எட்டொன்பது வருஷமாக இந்தத் தலைப்பு என்றால் கருத்தாளராக என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் என் முதல் வகுப்பான ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் கதையைச் சொல்வேன். காட்டுக்கத்தல் போட்ட வகுப்பு, ஒரே வருஷத்தில் என் கைக்கு அடங்கிய கதை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். "தேசராணி டீச்சர் தவறிட்டாங்க. காலைல ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி. காசிமேடு வீடு. சாயங்காலம் எடுக்கறாங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதையை முடித்தேன். கைதட்டினார்கள். அதன் பிறகுதான் ஏற்பாட்டாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கதையை முடிக்காமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை என்பதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அது யாருடைய கதை என்று அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியவந்தது.

டீச்சரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்களும், அவரோடு ஸ்டாஃப் ரூமில் சோறு பகிர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அவருடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் என்ற ஒரு தகுதி மட்டும் எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் கடலோரமாக இருந்த நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளில் பலர் காசிமேட்டிலிருந்து வருவார்கள். எனக்கு வயது இருபத்து நான்கு, ஊர் விருதுநகர் பக்கம். அப்பா ராணுவத்தில் இருந்தவர் என்பதால் முன்னுரிமைப் பட்டியலில் சீக்கிரமே வேலை கிடைத்துவிட்டது. தேசராணி டீச்சருக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு காத்திருந்து, நாற்பத்து நான்கு வயதில் முதல் பணி ஆணையை வாங்கியவர். சேர வந்த அன்று தலைமை ஆசிரியர் அவரைப் பார்த்து, "அட்மிஷனெல்லாம் முடிஞ்சுபோச்சும்மா, எந்த கிளாஸ் பையன்?" என்று கேட்டார். டீச்சர் ஆணையை நீட்டி, "பையன் இல்ல சார், நாந்தான் சேர வந்துகிறேன். புச்சு" என்றார். நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கினேன். அவர் அடக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்.

அவருக்கு ஏழாம் வகுப்பு 'ஏ', எனக்கு 'பி'. இரண்டும் ஒரே ஹால். நடுவே மரத்தடுப்பு, அதுவும் கழுத்தளவுதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே என் முதல் ஆறு மாத அவமானம் முழுவதையும் அவர் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்.

முதல் நாள் என் ஊர் வழக்கில், "எல்லாரும் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க" என்றேன். அவ்வளவுதான். ஒரு வாரம் வரை நான் எங்கே நடந்தாலும் பின்னாலிருந்து "அங்கிட்டு" என்று குரல் வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் யாரோ ஊளையிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் அறுபது முகமும் பச்சைக்குழந்தை முகம். கத்தினேன். தொண்டை கட்டியது. பெஞ்சு மேல் ஏற்றினேன். ஏறினவர்கள் அங்கிருந்து கடலைப் பார்த்துக் கப்பல் வந்திருக்கிறதென்று மற்றவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். ஒருநாள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பி.எட். படிப்பில் எனக்கு வகுப்பறை மேலாண்மைப் பாடத்தில் நல்ல மார்க்.

அமுலு என்ற பெண்ணைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிசயம். வந்தாலும் ஜன்னல் பக்கமாக, எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். சத்தம் போடமாட்டாள், சேட்டை கிடையாது. திரும்ப மட்டும் மாட்டாள். "இங்கே பாரு" என்றால், "காது கேக்குது சார்" என்பாள். வகுப்பே சிரிக்கும். மற்ற ஐம்பத்தொன்பது பேரின் கூச்சலைவிட அந்த ஒரு முதுகுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. டீச்சரின் கையெழுத்து கரும்பலகையில் வலதுபக்கம் போகப் போகக் கீழே இறங்கும். பின்னக் கணக்கில் பாதியில் நின்று, "டேய், இதுக்கு அப்பால இன்னாடா?" என்று பையன்களையே கேட்பார். தலைமை ஆசிரியரிடம் அவர் வாங்காத திட்டு இல்லை. ஆனால் அவர் வகுப்பில் ஊளை கிடையாது. ஒருநாள் மதியம் வெட்கத்தை விட்டு, "எப்படி டீச்சர் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன். டிபன் பாக்ஸிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "நா எங்க சார் சமாளிக்கிறேன். அதுங்கதான் என்னை சமாளிச்சுகினு கீதுங்க."

அதற்கு மேல் எந்த யோசனையும் சொல்லவில்லை. அவர் எனக்கு எதையும் கற்றுத்தந்ததில்லை என்றுதான் அவர் இறந்த நாள்வரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய்யுமில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நான் புது ஆளாக வந்தேன். விடுமுறையில் ஊரில் உட்கார்ந்து கலர் கலராகச் சார்ட் எழுதியிருந்தேன். வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுத் தலைவர்களைப் போட்டேன். கத்தாமல் தணிந்த குரலில் பேசுவது என்று முடிவெடுத்தேன். பிப்ரவரிக்குள் ஊளை நின்றது. வருகை கூடியது. சாக்பீஸ் தீர்ந்தால் ஒருவன் ஓடிப்போய் வாங்கிவந்தான். ஒருத்தி வாழையிலையில் பொரித்த வஞ்சிரத் துண்டு கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "அம்மா குட்த்துச்சு சார்" என்றாள். பொங்கலுக்குப் பிறகு ஒருநாளும் வராதிருந்த அமுலு ஒரு திங்கட்கிழமை வந்தாள். வழக்கமான ஜன்னலோர இடத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இடைவேளையில் தடுப்பின் மேலாக எட்டி, "டீச்சர், அமுலு திரும்பிட்டா!" என்றேன். அவர், "பார்ரா! ஷோக்கா வேலை செஞ்சுட்ட சார்" என்று கண்ணை அகல விரித்தார். அந்த வியப்பில் துளிகூட நடிப்பு தெரியவில்லை.

மறுவருஷம் பார்வையிட வந்த அதிகாரி என் சார்ட்டுகளைப் பார்த்து மகிழ்ந்து, என்னைப் பயிற்சிகளில் பேச அனுப்பினார். இரண்டாவது கூட்டமோ மூன்றாவதோ, எங்கள் பள்ளி ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். தேசராணி டீச்சர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சார்ட், குழு, தணிந்த குரல் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அமுலுவின் முதுகையும் முகத்தையும் சொல்லி முடித்தேன். கேள்வி உண்டா என்றபோது அவர் எழுந்தார்.

"சார், வராத பசங்க வூட்டாண்ட யாராச்சும் போய்ப் பாக்கணுமா?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "அது நேர விரயம் டீச்சர். வகுப்பு நல்லா இருந்தா அவங்களே தேடி வருவாங்க."

அவர், "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். திரும்பும்போது பாரிமுனை பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். "நல்லா பேசின சார். மைக்குல உன் கொரலு நல்லா கீது" என்றார். தனியாக இருக்கும்போது என்னிடம் ஒருமையில்தான் பேசுவார். அந்தக் காட்சியை அன்று பெருமையோடு ஊருக்குக் கடிதத்தில் எழுதினேன். இப்போது அதை நினைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து எங்காவது போய்விடலாம்போல் இருக்கிறது.

பிறகு நான் எர்ணாவூர்ப் பக்கம் வேறு பள்ளிக்கு மாறுதல் வாங்கிப் போனேன். அவர் அதே பள்ளியில் இருந்தார். பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், இன்னும் அதே பேச்சுதானா, புச்சா எதுனா வெச்சுகிறியா?" என்று கலாய்ப்பார். ஆசிரியர் கூட்டணிக் கூட்டத்தில், பணிநிறைவு விழாவில் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சந்திப்போம். நாளாக ஆக அதுவும் குறைந்துபோனது.

காசிமேட்டில் அவர் அண்ணன் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் டீச்சர் மாம்பழ நிறப் புடவையில் இருந்தார். பள்ளிக்குக் கட்டிய புடவை என்றார்கள். தெரு முழுக்கக் கூட்டம். மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். கையில் குழந்தையோடு ஓர் இளம்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னால், மீன் விற்பவர்கள் கட்டுவதுபோல் புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு வயதான பெண்.

"சார், தெரீதா? அமுலு."

முகம் மறந்துபோகவில்லை. அவளைப் பற்றித்தான் அன்று காலையும் பேசியிருந்தேன். குழந்தை மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "எம்மா, இவருதாம்மா அந்த சாரு. ராணி டீச்சரை அனுப்சாரே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "நா இறால் உரிக்கப் பூட்டேன் இல்ல சார், இஸ்கூலே வேணாம்னு. நாலு தபா வூட்டுக்கு வந்துச்சு டீச்சர். ஒவ்வொரு தபாவும், 'உங்க சாரு அனுப்சாரு, அமுலு இல்லாம கிளாஸே நல்லா இல்லேன்னு சொல்றாரு'ன்னு சொல்லும். எனக்கு ஒரே ஆச்சர்யம். நாம மூஞ்சியே காட்ட மாட்டோம், நம்மளப் போயி கேக்குறாரேன்னு. அதாங்காட்டி திரும்பி வந்தேன்."

பக்கத்தில் நின்றிருந்த ஓர் ஆட்டோக்காரர் என்னை உற்றுப்பார்த்தார். "அட, நம்ம அங்கிட்டு சாரு! எங்க வூட்டுக்கும் வந்துச்சு சார் டீச்சர். 'சாரு அனுப்சாரு, உனுக்கு ஜொரமா இன்னான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு'ன்னு. பொங்கலு லீவுல. எங்கம்மா அதுக்குத்தான் உங்களுக்கு மீனு குட்த்து அனுப்ச்சு, தங்கச்சிகிட்ட." அப்போதுதான் எனக்கு அந்த வஞ்சிரத் துண்டின் வரலாறு தெரிந்தது.

நான் ஊரில் உட்கார்ந்து சார்ட்டுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், டீச்சர் தன் விடுமுறையை விட்டுவிட்டு என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் ஏறி இறங்கியிருக்கிறார். போன இடமெல்லாம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். எனக்கோ அந்த வருஷம் பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவிலிருந்த தெருவைத் தவிர வேறு தெரு தெரியாது.

பேசாமல் தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரத்தான் பார்த்தேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய அதே முகம்.

"அமுலு," என்றேன். "நான் அனுப்பலம்மா. அவங்க வந்ததே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. பதிமூன்று வயதிலிருந்து தன்னை ஒருவர் கேட்டு அனுப்பினார் என்று வைத்திருந்த நினைப்பு அது. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

"எனுக்குத் தெரியும் சார்," என்றார் அந்த அம்மா. "நா அப்பவே ராணிகிட்ட கேட்டுட்டேன். சாருக்கு அவ்ளோ அக்கறைன்னா அவுரே வர்றதுதானே, உன்னை ஏன் பேஜாரு பண்றாருன்னு. அதுக்கு அது சொல்லிச்சு. 'அவுரு புச்சுக்கா. இன்னும் யாரு வூடும் தெரியாது. எங்க சாரு நம்மளக் கேக்குறாருன்னு பசங்களுக்குத் தெரிஞ்சாத்தான் அவுரு மூஞ்சியப் பாக்கும். பசங்க மூஞ்சியப் பாத்தாத்தான் அவுருக்கு அதுங்க மேல ஆசை வரும். இப்ப நா அவுரு அனுப்சாருன்னு சொல்லிக்கிறேன். அப்பால அவுரே அனுப்புவாரு'ன்னுச்சு."

வெளியே மேளம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமுலுதான் கேட்டாள். குரலில் கோபமோ குத்தலோ இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்பால அனுப்ச்சீங்களா சார்?"

எத்தனையோ ஹால்களில் எத்தனையோ கேள்விக்கு மைக் பிடித்துப் பதில் சொன்னவன் நான். வீடு தேடிப் போவது நேர விரயம் என்று ஊர் ஊராகச் சொன்னவன். "இல்லம்மா" என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தேன். அமுலு, "பரவால்ல சார்" என்றாள். பிள்ளைகள் தப்பான விடை எழுதிவிட்டு நிற்கும்போது நான் சொல்வது அதுதான்.

டீச்சரைத் தூக்கினார்கள். நானும் மயானம் வரை நடந்தேன். என் வாழ்க்கையில் நான் அந்தத் தெருக்களில் நடந்தது அன்றுதான் முதல்முறை. இறால் உரிக்கும் கொட்டகை, வலை காயும் சந்து, கடல் அரிப்புக்குப் போட்ட பாறைகளை ஒட்டிய வீடுகள். இவற்றில் எதன் வாசலில் அவர் என் பெயரைச் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதிலும் உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை.

இப்போது என் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். சேலம் பக்கத்துப் பெண். அவர் வகுப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்ரூமில் இருந்தார். எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் சொல்லாமல், இரண்டு வாரமாக வராத ஒரு பையனின் வீட்டை விசாரித்துக்கொண்டு எர்ணாவூரில் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். டீச்சர் அனுப்பினாங்க. அவ்வளவுதான், இரண்டே சொல்.

பையனின் அப்பா கதவைத் திறந்தார். "யாரு நைனா?" என்றார்.

என் பெயரைச் சொன்னேன். எத்தனை வருஷ சர்வீஸ் என்பதைச் சொன்னேன். பயிற்சியெல்லாம் கொடுப்பவன் என்றும் சொன்னேன். அவர் பயந்துபோய் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பையன் எதுனா தப்பு பண்ட்டானா சார்?" என்று கேட்டார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பையன் என்னைக் கண்டதும் பின்வாசல் வழியாக ஓடிப்போனான். அந்தப் புது டீச்சரின் பெயர் என் வாயில் வந்தபோது அவன் தெருவிலேயே இல்லை.

தேசராணி டீச்சரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்த இரண்டு சொல்தான். யார் யார் வாசலிலோ நின்று, தன் பெயரை விழுங்கிவிட்டு என் பெயரைச் சொல்ல அவருக்கு எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. அதே வீட்டுக்குத்தான் போகிறேன்.